உங்கள் குழுவில் யார் புத்திசாலி? ஒரு நோட்டு, ஒரு வருடம், நாற்பது கேள்விகள்

எந்தக் குழுவிலும் இந்தக் கேள்வியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் எல்லோர் மனதிலும் ஒரு பதில் இருக்கும். நிலம் வாங்கலாமா, பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்க்கலாம், இந்த வருடம் மழை எப்படி என்று பேச்சு வந்ததும் எல்லோர் முகமும் ஒரே ஆளின் பக்கம் திரும்பும். அவர் சொன்னது பலித்ததா என்று ஆறு மாதம் கழித்து யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. அடுத்த முறையும் அவர் பக்கமே திரும்புவோம்.

திருச்சியில் காலை நடை முடித்து ஒரே டீக்கடையில் உட்காரும் 11 பேர் நாங்கள். இரண்டு வருடமாக நோட்டுப் போட்டு, யார் சொன்னது எவ்வளவு சரியாக இருந்தது என்று கணக்கெடுத்து வருகிறோம். அந்த அனுபவத்தையும், இதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் கண்டதையும் சேர்த்து, நீங்களும் செய்து பார்க்கும்படி எழுதுகிறேன். நண்பர்கள், உறவினர்கள், அலுவலகம், குடியிருப்போர் சங்கம் என எந்தக் கூட்டத்துக்கும் இது பொருந்தும்.

முதலில், எந்த அறிவு என்று முடிவு செய்யுங்கள்

புத்திசாலி என்ற ஒரு சொல்லுக்குள் பல பேர் இருக்கிறார்கள். படித்ததை மறக்காதவர், கணக்கைச் சட்டென்று போடுபவர், சண்டையைத் தீர்த்து வைப்பவர், நாளை என்ன நடக்கும் என்று ஓரளவு சரியாகக் கணிப்பவர். இவர்கள் எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளக்கப் போனால் கெட்டிக்காரர்கள்கூடத் தவறுவார்கள்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921-ல் கலிஃபோர்னியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நுண்ணறிவுத் தேர்வு வைத்து, ஏறக்குறைய 1,500 பேரைத் தேர்ந்தெடுத்தார். அவர்களை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து கவனிப்பது திட்டம். தேர்வு எழுதியும் மதிப்பெண் போதாமல் வெளியே நின்ற சிறுவர்களில் இருவர் வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெஸும். ஷாக்லிக்கு 1956-லும் ஆல்வரெஸுக்கு 1968-லும் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. தேர்வான பிள்ளைகளில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. தேர்வு பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. அது ஒரு வகைத் திறமையை மட்டும் அளந்தது, அவ்வளவுதான்.

இந்த வழிகாட்டி அளப்பதும் ஒரே ஒரு வகைதான்: தீர்மானிக்கும் அறிவு. கையில் இருக்கும் அரைகுறைத் தகவலை வைத்து, எது எவ்வளவு தூரம் நடக்கும் என்று எடை போடும் திறமை. நாம் ஒருவரிடம் யோசனை கேட்கப் போகும்போது நமக்கு வேண்டியது இதுதான். அதனால் இதையே அளப்போம்.

உங்கள் இப்போதைய எண்ணத்தை எழுதி மூடி வையுங்கள்

தொடங்கும் முன், யாரிடமும் காட்டாமல், உங்கள் குழுவினர் பெயர்களை வரிசைப்படுத்தி ஒரு தாளில் எழுதுங்கள். யார் முதல், யார் கடைசி. உறையில் போட்டு ஒட்டி, தேதி எழுதி, பீரோவில் வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் வருடக் கடைசியில் எல்லோரும் "நான் அப்பவே நினைச்சேன்" என்போம். மனசு அப்படித்தான் பழைய எண்ணத்தைத் திருத்தி எழுதிக்கொள்ளும்.

எழுதும்போது எதை வைத்து வரிசைப்படுத்துகிறோம் என்றும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். என் தாளில் முதல் இடம் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஐயாவுக்கு. அதிகம் பேச மாட்டார். பேசினால் நிதானமாக, இரண்டு வாக்கியம். நிறைகுடம் தளும்பாது என்று கேட்டு வளர்ந்தவன் நான், வேறு யாரை எழுதுவேன்? உரக்கடை அண்ணனை எட்டாவது இடத்தில் போட்டிருந்தேன். காரணம் என்று நான் எழுதியிருந்தது ஒரே வார்த்தை: "சத்தம்."

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது எனக்கு மனசு வலிக்கும் விஷயம். நம் ஊரில் ஆங்கிலம் சரளமாக வந்தால் அறிவு என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரே கருத்தைத் தமிழில் ஒருவர் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள், அதையே இன்னொருவர் ஆங்கிலம் கலந்து சொன்னால் நிமிர்ந்து கேட்கிறார்கள். அதேபோல் பெண்கள் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் குறுக்கே பேசுகிறோம். அப்புறம் அவர்கள் எதுவும் சொல்லவில்லை என்று முடிவு கட்டுகிறோம். உங்கள் தாளிலும் இவை கலந்திருக்கும். கண்டுபிடித்து அழிக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும். பின்னால் ஒப்பிட அதுதான் வேண்டும்.

கேள்வி தயாரிப்பது: இதில்தான் பாதி வேலை

"இந்த வருஷம் மழை நல்லா இருக்குமா?" என்பது டீக்கடைக்குச் சரி, நோட்டுக்கு ஆகாது. நல்லா என்றால் எவ்வளவு, எந்த ஊரில், எந்தத் தேதிக்குள் என்று எதுவும் இல்லை. எது நடந்தாலும் எல்லோரும் தாங்கள் சொன்னதே பலித்தது என்பார்கள்.

நல்ல கேள்விக்கு மூன்று வேண்டும். ஆம், இல்லை என்று முடிய வேண்டும். கடைசித் தேதி வேண்டும். யார் சொல்வதை முடிவாக ஏற்பது என்று முன்னாலேயே எழுத வேண்டும். எங்கள் நோட்டிலிருந்து சில:

"இந்த ஆண்டு ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை பாசனத்துக்குத் திறக்கப்படுமா?"

"ஆகஸ்ட் 31-க்குள் மேட்டூர் அணை 120 அடியைத் தொடுமா? நாளிதழில் வரும் காலை 8 மணி அளவே முடிவு."

"அக்டோபர் 25-க்குள் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதாக வானிலை ஆய்வு மையம் அறிவிக்குமா?"

"தீபாவளிக்கு முந்தின நாள் சென்னையில் ஒரு பவுன் தங்கத்தின் விலை இன்றைய விலையைவிட அதிகமாக இருக்குமா?"

காலை 8 மணி அளவு என்ற வரியைச் சண்டை போட்டுத்தான் கற்றோம். முதல் வருடம் அதை எழுதவில்லை. காலையில் 120-க்குக் கொஞ்சம் குறைவு, மாலையில் தொட்டுவிட்டது என்று ஒருவர், அது கணக்கில் வராது என்று இன்னொருவர். இரண்டு நண்பர்கள் பத்து நாள் பேசவில்லை. கடைசியில் அந்தக் கேள்வியையே நீக்கினோம்.

கேள்விகளைப் பல துறைகளிலிருந்து எடுங்கள்: தண்ணீர், விலை, கிரிக்கெட், தேர்தல், தேர்வு முடிவு வரும் தேதி, தெருவில் போடுவதாகச் சொன்ன சாலை. ஒரே துறையில் கேட்டால் அந்தத் துறையில் பழகியவர் ஜெயிப்பார். எல்லோருக்கும் ஒரே பதில் தோன்றும் கேள்விகளால் யாரையும் பிரித்துப் பார்க்க முடியாது. ஒருவர் உடல்நலம், ஒரு வீட்டின் குடும்ப விஷயம் இவற்றைத் தொடவே கூடாது. பணப் பந்தயமும் வேண்டாம். பணம் வந்த நாளில் நோட்டு சூதாட்டமாகிவிடும்.

பதில் வாங்கும் முறை

எல்லோரும் ஒரே நேரத்தில், தனித்தனிச் சீட்டில், எண்ணாக எழுத வேண்டும். "நடக்கும்னு நினைக்கிறேன்" என்பது பதில் இல்லை. நடக்க 70 சதவீத வாய்ப்பு என்பது பதில்.

ஏன் சீட்டு? முதலில் பேசுபவரின் எண் மற்றவர்களின் எண்ணை இழுத்துவிடும். சீட்டின் பலத்துக்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1906-ல் இங்கிலாந்தின் பிளிமத்தில் நடந்த கால்நடைக் கண்காட்சியில் ஒரு காளையை நிறுத்தி, வெட்டிச் சுத்தம் செய்தால் இறைச்சி எவ்வளவு எடை வரும் என்று போட்டி வைத்தார்கள். செல்லத்தக்க சீட்டுகள் 787. பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் அவற்றை வாங்கி ஆராய்ந்தார். எடை வரிசையில் நடுவில் வந்த எண் 1,207 பவுண்டு. உண்மையான எடை 1,198. ஒரு சதவீதத்துக்கும் குறைவான பிழை. ஒருவர் சீட்டை இன்னொருவர் பார்க்கவில்லை என்பதும் இதற்கு ஒரு காரணம்.

எங்கள் கூட்டத்தில் சீட்டு வந்த முதல் வாரமே ஒரு மாற்றம். ஓய்வு பெற்ற செவிலியர் அக்கா ஒருவர் இருக்கிறார். பேச்சில் அவர் எதையும் மறுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை. சீட்டில் பத்துப் பேர் 80, 90 என்று எழுதிய இடத்தில் அவர் 35 என்று எழுதியிருந்தார்.

மதிப்பெண் போடும் கணக்கு

அமெரிக்க வானிலைத் துறையில் இருந்த கிளென் பிரையர் 1950-ல் மழைக் கணிப்புகளைச் சரிபார்க்க ஒரு கணக்கு சொன்னார். இன்றும் கணிப்பை அளக்க அதுவே பெரும்பாலும் பயன்படுகிறது. பள்ளிக் கணக்குதான்.

நீங்கள் சொன்ன வாய்ப்பைப் பின்னமாக எழுதுங்கள். 80 சதவீதம் என்றால் 0.8. நடந்தால் விடை 1, நடக்காவிட்டால் 0. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அதே வித்தியாசத்தால் பெருக்குங்கள். 0.8 சொன்னீர்கள், நடந்தது: வித்தியாசம் 0.2, மதிப்பெண் 0.04. நடக்கவில்லை: வித்தியாசம் 0.8, மதிப்பெண் 0.64. எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. எல்லாக் கேள்விகளுக்கும் சராசரி எடுத்தால் வருடத்தின் மதிப்பெண்.

இதன் அழகு எங்கே என்றால், அடித்துப் பேசுபவருக்கும் மழுப்புகிறவருக்கும் இது சமமாகப் பாடம் நடத்துகிறது. நூறு சதவீதம் என்று அடித்துச் சொல்லித் தவறினால் முழுசாக 1 விழும். எல்லாவற்றுக்கும் 50 என்று எழுதித் தப்பித்தால் எப்போதும் 0.25. ஆக 0.25 என்பது எதுவுமே சொல்லாததற்கான மதிப்பெண். அதற்குக் கீழே போனவர்தான் எதையோ அறிந்து சொல்கிறார். அதற்கு மேலே போனவரிடம் யோசனை கேட்பதைவிட நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பது மேல்.

முதல் வருட முடிவில் தலைமையாசிரியர் ஐயாவின் சராசரி 0.24. அவர் சீட்டுகளைப் புரட்டினேன்: 50, 55, 45, 50. அவர் மேல் எனக்கு இருக்கும் மரியாதை குறையவில்லை. ஆனால் அவருடைய மௌனத்தை நான் அறிவு என்று படித்திருக்கிறேன். அது தவறிவிடுவோமோ என்ற தயக்கம். உரக்கடை அண்ணன் 0.17, மூன்றாம் இடம். செவிலியர் அக்கா 0.13, முதலிடம். என் உறை இதற்குக் கிட்டத்தட்டத் தலைகீழாக இருந்தது.

சத்தமாகப் பேசினால் அறிவில்லை என்று நான் நினைத்ததும் தவறு, அமைதியாக இருந்தால் அறிவு என்று நினைத்ததும் தவறு. இரண்டுக்கும் மதிப்பெண்ணோடு ஒரு தொடர்பும் தெரியவில்லை. புகழ் வேறு விஷயம். ஃபிலிப் டெட்லாக் என்ற உளவியலாளர் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் 284 வல்லுநர்களின் அரசியல், பொருளாதாரக் கணிப்புகளைத் திரட்டி 2005-ல் முடிவை வெளியிட்டார். ஊடகங்களில் அதிகம் தேடப்பட்டவர்களின் கணிப்பு மற்றவர்களைவிட மோசமாகவே இருந்தது. எல்லாவற்றையும் ஒரே பெரிய கொள்கையால் விளக்குகிறவர்கள் அதிகம் தவறினார்கள். பல இடங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரட்டி, "ஆனாலும்" என்று யோசிப்பவர்கள் குறைவாகத் தவறினார்கள்.

எத்தனை கேள்வி போதும்?

பத்துக் கேள்வியோடு நிறுத்தினால் ஏமாந்து போவீர்கள். 11 பேரும் யோசிக்காமல் நாணயத்தைச் சுண்டி ஆம், இல்லை எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் எட்டோ அதற்கு மேலோ யாராவது ஒருவருக்குச் சரியாக வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. அந்த ஒருவரைத்தான் நாம் ஜோசியர் என்று கொண்டாடுவோம். அதே ஆட்டம் நாற்பது கேள்விக்குப் போனால், யாராவது ஒருவர் 32 சரியாகச் சொல்வது ஆயிரத்தில் ஒன்றுதான். அதனால் வருடத்துக்கு நாற்பது, அதாவது மாதம் மூன்று நான்கு, என்று வையுங்கள். இரண்டாம் வருடமும் தொடருங்கள். இரண்டு வருடமும் முதல் மூன்றுக்குள் நிற்பவரின் திறமையைத்தான் நம்பலாம். எங்களில் முதல் வருடம் இரண்டாம் இடம் வந்தவர் அடுத்த வருடம் ஒன்பதாம் இடம். அக்கா மறுபடியும் முதலிடம்.

எப்படிச் சொன்னார்கள் என்று பாருங்கள்

வருடக் கடைசியில் ஒவ்வொருவரின் சீட்டுகளையும் எண் வாரியாக அடுக்குங்கள். ஒருவர் 70 என்று எழுதிய கேள்விகள் பத்து இருந்தால், அதில் ஏழு நடந்திருக்க வேண்டும். ஐந்துதான் நடந்தது என்றால் அவர் தன் அறிவை அதிகமாக எடை போடுகிறார். ஒன்பது நடந்தது என்றால் தெரிந்ததைக் குறைத்துச் சொல்கிறார். பின்னவர் சொன்னதைக் கொஞ்சம் கூட்டிக் கேட்கப் பழகிக்கொள்ளலாம். முன்னவர்தான் ஆபத்து.

அப்புறம், பதிலை மாற்ற அனுமதி கொடுங்கள். எப்போது மாற்றினார், எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, ஏன் என்று ஒரு வரி. எனக்கு மதிப்பெண்ணைவிட இந்தப் பக்கங்கள் பிடிக்கும். ஒருவர் யோசிப்பதையே கண்ணால் பார்க்கலாம்.

மேட்டூர் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். சிலர் ஜூன் 12 மரபுத் தேதி, அதனால் 95 என்று எழுதினார்கள். அக்கா பழைய கணக்கைப் பார்த்திருந்தார். 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. 2020, 2021-ல் அதே தேதியில் திறந்தார்கள். 2022-ல் முன்கூட்டியே மே 24. 2024-ல் ஜூலை 28 வரை தள்ளிப் போனது. மரபு என்று பெயர் இருந்தாலும் இத்தனை தரம் மாறியிருக்கிறதே என்று அவர் நடுவில் தொடங்கினார். அதன்பின் அணையின் நீர்மட்டத்தை வாரம் ஒருமுறை பார்த்து ஐந்தைந்தாக ஏற்றினார். 120 அடிக் கேள்விக்கும் அப்படியே. கர்நாடகத்தின் கபினி அணை நிரம்பிய செய்தி வந்ததும் 30-ஐ 45 ஆக்கினார். அங்கே கிருஷ்ணராஜசாகரும் நிரம்பப் போகிறது, எல்லையில் பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடுகிறது என்றதும் 75. உரக்கடை அண்ணன் தண்ணீர்க் கேள்விகளில் அக்காவுக்குச் சமமாக நின்றார். லால்குடியிலிருந்தும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தும் விவசாயிகள் தினம் கடைக்கு வந்து சொல்வதை அவர் கேட்கிறார். கிரிக்கெட்டில் மட்டும் மனசு விரும்பியதை எழுதிக் கோட்டை விட்டார்.

2011 முதல் நான்கு ஆண்டுகள் அமெரிக்க உளவுத்துறையின் ஆய்வுப் பிரிவு ஒரு கணிப்புப் போட்டி நடத்தியது. டெட்லாக்கும் பார்பரா மெல்லர்ஸும் நடத்திய குழுவில் ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள் பங்கேற்றார்கள். மேலே வந்த இரண்டு சதவீதம் பேரிடம் கண்ட பழக்கமும் இதுவேதான்: இதுபோன்றது முன்பு எத்தனை தரம் நடந்தது என்று தொடங்குவது, புதுச் செய்தி வரும்போது அடிக்கடி, சிறிது சிறிதாக எண்ணைத் திருத்துவது.

எண்ணுக்குள் அடங்காதவர்கள்

நோட்டுக்குள் எல்லோரும் அடங்க மாட்டார்கள். சிலர் புதிதாக எதையோ செய்துகொண்டிருப்பார்கள், அதை மதிப்பிடும் அளவுக்கு நமக்கு அறிவு போதாது. அப்போது கணித அறிஞர் ஹார்டி செய்ததைச் செய்ய வேண்டும்.

கும்பகோணத்துக் கல்லூரியில் தேர்வில் தவறிய ராமானுஜன், சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது, 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த ஜி. எச். ஹார்டிக்குச் சூத்திரங்கள் நிறைந்த கடிதம் எழுதினார். அதற்கு முன் வேறு கணித அறிஞர்களுக்கு எழுதிப் பயன் கிடைக்கவில்லை. பட்டம் இல்லை, நிரூபணம் இல்லை, பெயரும் தெரியாது. ஹார்டி முதலில் சந்தேகப்பட்டார். ஆனால் தூக்கிப் போடவில்லை. சூத்திரங்களைப் பிரித்துப் பார்த்தார். சில ஏற்கெனவே தெரிந்தவை. சிலவற்றை அவரே முயன்று நிரூபிக்க முடிந்தது, ஆனால் எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருந்தது. சில அவரையே திணறடித்தன. அன்று மாலை சக கணித அறிஞர் லிட்டில்வுட்டையும் உட்கார வைத்துப் பார்த்தார்கள். இப்படி எதையும் ஒருவர் கற்பனை செய்து இட்டுக்கட்ட முடியாது, உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இதில் நாம் எடுத்துக்கொள்ளும் முறை: சரிபார்க்க முடிந்த பகுதியை முதலில் சரிபாருங்கள். அது தேறினால், புரியாத பகுதிக்கும் கடன் கொடுங்கள். அதுவும் தனியாக இல்லாமல், விஷயம் தெரிந்த இன்னொருவரை அழைத்து. அந்த ஆள் எங்கே படித்தார், எந்த மொழியில் பேசுகிறார் என்பதைக் கடைசியில் பாருங்கள். பார்க்காமலே விட்டாலும் நல்லது.

முடிவு தெரிந்த பிறகு

பட்டியலைக் கடைப் பலகையில் ஒட்டாதீர்கள். கடைசி இடம் யாருக்கு என்பதை நாங்கள் அவரிடம் மட்டும் தனியாகச் சொன்னோம், அவர் கேட்டதால். மற்றவர்களுக்கு அவரவர் சீட்டுக்கட்டு மட்டும்.

முதலிடத்தில் வந்தவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடவும் கூடாது. எங்கள் 11 சீட்டுகளின் சராசரியை ஒரு பன்னிரண்டாவது ஆளாக நினைத்து மதிப்பெண் போட்டுப் பார்த்தேன். 0.15. அக்கா ஒருவர்தான் அதைவிட நன்றாகச் செய்திருந்தார். மற்ற பத்துப் பேரும் தனித்தனியாக அதைவிடப் பின்தங்கியவர்கள். அனிதா வூலி என்ற ஆய்வாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2010-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. சிறு குழுக்களின் திறமை, அதில் இருந்த மிகப் பெரிய புத்திசாலியைப் பொறுத்து அவ்வளவாக அமையவில்லை. எல்லோரும் மாறி மாறிப் பேசிய குழுக்களும், அடுத்தவர் முகக்குறிப்பைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்த குழுக்களும் நன்றாகச் செய்தன.

ஆகவே எங்கள் நடைமுறை இப்போது இப்படி. ஏதாவது முடிவெடுக்க வேண்டுமென்றால் முதலில் சீட்டு, பிறகு பேச்சு, பிறகு மறுபடியும் சீட்டு. பேச்சில் அக்கா கடைசியாகத்தான் பேசுவார், அவரே கேட்டுக்கொண்டது. முதலில் பேசினால் எல்லோரும் தன் எண்ணையே எழுதிவிடுகிறார்கள் என்றார். தலைமையாசிரியர் ஐயா இந்த ஜனவரியிலிருந்து 50 எழுதுவதை விட்டுவிட்டார். போன வாரம் ஒரு கேள்விக்கு 15 என்று எழுதி மடித்துக் கொடுத்தார். விடை ஜூன் 12 அன்று தெரியும்.